தலைமைத் தேர்தல் ஆணையர் ஆக எந்தப் பரீட்சை எழுத வேண்டும்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்கள் அம்மா ஏற்காட்டில் ஒரு மலைக்கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். அந்தப் பாகத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ.வும் அவர்தான், வீடு வீடாக ஏறி இறங்கி வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிறார். நீங்கள் சேலத்தில் டிகிரி கடைசி வருஷம். தலைமைத் தேர்தல் ஆணையர் ஆக என்ன பரீட்சை எழுத வேண்டும், எத்தனை வருஷம் ஆகும், தேர்தல் துறையிலேயே நேராகச் சேர்ந்து மேலே போக வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சை பற்றிக் கேட்ட மாதிரி இருந்தாலும், அந்தப் பதவிக்கு ஒழுங்கான பாதை ஒன்று உண்டா, அதில் தன்னைப் போல ஒருவன் எங்கே கால் வைப்பது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் சேலம் மாவட்ட வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன். நடுவில் பல வருஷம் கலெக்டர் அலுவலகத் தேர்தல் பிரிவில் இருந்தேன். டெல்லியில் தேர்தல் ஆணையத் தலைமையகமான நிர்வாசன் சதனில் நடப்பதெல்லாம் எனக்கு உத்தரவுகள், சுற்றறிக்கைகள் வழியாகத் தெரிந்ததுதான். மாவட்டத்தில் நடப்பது நானே கையால் செய்த வேலை. நான் சொல்வதை இந்த வித்தியாசத்தோடு படியுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். அந்தப் பதவிக்குத் தனிப் பரீட்சை கிடையாது. தேர்தலுக்கென்று ஐ.ஏ.எஸ். மாதிரி தனி சர்வீஸும் கிடையாது. ஆணையத்துக்கு டெல்லியில் இருக்கும் செயலகம் சில நூறு பேர் கொண்ட சின்ன அலுவலகம். ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள், பாதுகாப்புப் படையையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பணியாளர்கள். அத்தனை பேரும் இரவல்தான். கலெக்டர், ஆர்.டி.ஓ., தாசில்தார், பள்ளி ஆசிரியர், உங்கள் அம்மா என்று எல்லாரும் வேறு வேறு துறையில் சம்பளம் வாங்குகிறவர்கள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை, 1951ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 28ஏ பிரிவின்படி, தேர்தல் நடத்துகிறவர்கள் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பதாகக் கணக்கு. அதனால்தான் அந்த நாட்களில் கலெக்டரையே மாற்றச் சொல்லி ஆணையம் உத்தரவு போட முடிகிறது. பட்டியல் திருத்துகிற அம்மாவுக்கும் 1950ஆம் வருஷச் சட்டத்தில் இதே மாதிரி ஒரு பிரிவு, 13சிசி, இருக்கிறது. பட்டியல் வேலை செய்கிற காலம் வரைக்கும் அவரும் ஆணையத்தின் ஆள்தான்.

தலைமைத் தேர்தல் ஆணையர் ஆகிறவர் யார் என்பதை 2023 வரை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசியல் சாசனத்தின் 324வது பிரிவு ஜனாதிபதி நியமிப்பார் என்றது, அவ்வளவுதான். 2023 மார்ச் 2ஆம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும் வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து தேர்வு செய்யட்டும் என்றது. அந்த வருஷக் கடைசியிலேயே சட்டம் வந்தது, தலைமை நீதிபதி இருந்த இடத்தில் ஒரு மத்திய அமைச்சர் வந்தார். சட்ட அமைச்சர் தலைமையில் ஒரு தேடல் குழு ஐந்து பேர் பட்டியல் கொடுக்கும், தேர்வுக் குழு விரும்பினால் அதற்கு வெளியிலிருந்தும் எடுக்கலாம். மத்திய அரசில் செயலாளர் அந்தஸ்தில் இருப்பவர் அல்லது இருந்தவர் ஆக இருக்க வேண்டும், நேர்மையானவராக இருக்க வேண்டும், தேர்தல் நடத்துவதில் அறிவும் அனுபவமும் வேண்டும். ஆறு வருஷம் அல்லது 65 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை பதவி. மறுநியமனம் கிடையாது.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 24 வயதில் யு.பி.எஸ்.சி. பாஸ் செய்து ஐ.ஏ.எஸ். ஆனால் முசோரி பயிற்சி, சப் கலெக்டர், கூடுதல் கலெக்டர், கலெக்டர், மாநிலத்தில் ஏதாவது ஒரு துறையின் இயக்குநர், டெல்லியில் இணைச் செயலாளர், கூடுதல் செயலாளர் என்று போய் செயலாளர் ஆவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும். 60ல் ஓய்வு. பெரும்பாலும் ஓய்வை ஒட்டித்தான் இந்த நியமனம் வரும். இப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார் 1988 தொகுப்பு (அந்த வருஷம் சேர்ந்த அணி), கேரள கேடர் (அந்த மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்டவர்). 2024ல் ஆணையரானார், 2025 பிப்ரவரியில் தலைமை ஆணையர். வேலையில் சேர்ந்து 36 வருஷத்துக்குப் பிறகு! டி.என். சேஷன் 1955 தொகுப்பு, நம் தமிழ்நாடு கேடர், திண்டுக்கல்லில் சப் கலெக்டராக இருந்தவர், மதுரைக்குக் கலெக்டராக இருந்தவர். அமைச்சரவைச் செயலாளர் வரை போய்விட்டு 1990 டிசம்பர் 12ல் தலைமைத் தேர்தல் ஆணையரானார். நீடாமங்கலத்துக்காரர் கோபாலசாமி 1966 தொகுப்பு, குஜராத் கேடர், 2006ல் தலைமை ஆணையர். ஐ.ஏ.எஸ். மட்டும்தான் என்றும் இல்லை. 2004 மக்களவைத் தேர்தலை நடத்திய டி.எஸ். கிருஷ்ணமூர்த்தி வருமான வரித் துறையிலிருந்து வந்தவர், வி.எஸ். ரமாதேவி சட்டத் துறை அதிகாரி, 1990ல் பதினாறு நாள்தான் பொறுப்பில் இருந்தார், ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்.

உறுதியில்லாத பகுதி இனிமேல்தான் வருகிறது. செயலாளர் ஆகிறவர்களே ஒரு தொகுப்பில் சிலர்தான், அந்தச் சிலரிலிருந்து ஒருவரை எடுப்பது மூன்று பேர் கையில். திறமைக்கு அங்கே எவ்வளவு எடை, அரசியலுக்கு எவ்வளவு எடை என்று வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கோச்சிங் சென்டரில் யாராவது "இந்த ரேங்க் எடுத்தால் சி.இ.சி. (தலைமைத் தேர்தல் ஆணையர்) ஆகலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அதை இலக்காக வைத்து 22 வயதில் திட்டம் போட முடியாது. ஆனால் தேர்தல் வேலையில் நல்ல அதிகாரியாக ஆவதற்குத் திட்டம் போடலாம், அதற்கு முப்பது வருஷம் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், நிறையப் பேர் கேட்பது. ஊராட்சித் தலைவர், கவுன்சிலர் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது அரசியல் சாசனத்தின் 243கே பிரிவில் வருகிற வேறு அமைப்பு, டெல்லிக்குக் கட்டுப்பட்டதில்லை. கோட்டையில் இருக்கும் தலைமைத் தேர்தல் அதிகாரி மாநில அரசின் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டு இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு வேலை செய்கிறவர். ஆணையர் வேறு, அதிகாரி வேறு.

சரி, மாவட்டத்துக்கு வருவோம். சேலம் கலெக்டர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். மாவட்டத்தில் பதினோரு சட்டமன்றத் தொகுதிகள். மக்களவை என்று வந்தால் அவை நான்கு தொகுதிகளாகப் பிரிந்துபோகும். ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு ஆறும் சேலம் மக்களவைக்கு. மேட்டூர் தருமபுரிக்கு, சங்ககிரி நாமக்கல்லுக்கு. கெங்கவல்லி, ஆத்தூர், அப்புறம் உங்கள் ஏற்காடு மூன்றும் கள்ளக்குறிச்சிக்கு. ஏற்காடு மெயின் ரோட்டில் நின்றுகொண்டு "நாங்க எதுக்குங்க கள்ளக்குறிச்சிக்கு ஓட்டுப் போடுறோம்" என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், 2008 தொகுதி மறுவரையறையைச் சொல்லி விளக்கியிருக்கிறேன். அதனால் சேலம் கலெக்டர் தன் தொகுதியை நடத்திக்கொண்டே, பக்கத்து மாவட்டக் கலெக்டர்கள் நடத்தும் மூன்று தொகுதிகளுக்கும் இங்கிருந்து ஆள், வண்டி, இயந்திரம், கணக்கு எல்லாம் அனுப்ப வேண்டும். ஒரு இளம் அதிகாரி நிர்வாகம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிடக் கடினமான இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் வேட்புமனுக்களை வாங்கிப் பரிசீலிக்கிற தேர்தல் நடத்தும் அலுவலரின் மேஜைதான் முக்கியமான இடம், அதைப் பற்றிச் சொல்ல நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1951, முதல் பொதுத்தேர்தல். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. சென்னை சட்டசபைக்கு நாமக்கல் தொகுதியில் வேட்புமனு போட்டவர்களில் என்.பி. பொன்னுசாமியும் ஒருவர். நவம்பர் 28ஆம் தேதி பரிசீலனையில் அவருடைய மனு தள்ளுபடி. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போய், அங்கே ஆகாமல் உச்ச நீதிமன்றம் போனார். 1952 ஜனவரி 21ல் தீர்ப்பு வந்தது. தேர்தல் என்பது அறிவிப்பில் தொடங்கி முடிவில் முடிகிற ஒரே தொடர் வேலை, நடுவில் நீதிமன்றம் கை வைக்க முடியாது, குறை இருந்தால் எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனுவாக, அதாவது தேர்தலை எதிர்க்கும் வழக்காகக் கொண்டு வா என்றது. இன்று வரை இந்தியா முழுக்க இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

இதன் கனம் மேஜையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். பரிசீலனை அன்று தேர்தல் நடத்தும் அலுவலர் எழுதும் உத்தரவை அப்போதைக்கு யாரும் திருத்த முடியாது, கலெக்டரிடம் போன் போட்டாலும் "நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அது சட்டம் அவர் தலையில் வைத்த பொறுப்பு. தப்பாக ஒரு மனுவைத் தள்ளினால், பிறகு தேர்தல் மனுவில் அது நிரூபணமானால், அந்த ஒரு காரணத்துக்கே முழுத் தேர்தலும் செல்லாது. தப்பாக ஏற்றுக்கொண்டால் அப்படியில்லை, அதனால் முடிவு பாதிக்கப்பட்டது என்று வழக்குப் போட்டவர் நிரூபிக்க வேண்டும். ஆகவே அனுபவப்பட்டவர்கள் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது, சின்னக் குறைக்குத் தள்ளாதே, தள்ளுவதாக இருந்தால் காரணத்தை உன் கையால் எழுது, எழுத முடியாத காரணம் காரணமே இல்லை. பக்கத்து மொடக்குறிச்சியில் 1996ல் 1,033 பேர் நின்றபோது வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்ததே, தேர்தலையும் தள்ளிவைத்தார்களே, அப்போதும் செல்லுபடியான மனுக்களை வசதிக்காக ஒதுக்கிவிட யாருக்கும் அதிகாரம் இல்லை. பிறகு இப்படிக் கூட்டம் சேராமலிருக்க டெபாசிட் தொகையை நாடாளுமன்றம்தான் சட்டம் போட்டு உயர்த்தியது.

இதே மாதிரி இன்னொரு மேஜையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2013ல் சட்டமன்ற உறுப்பினர் பெருமாள் மறைந்ததால் ஏற்காட்டில் இடைத்தேர்தல், டிசம்பர் 4. நோட்டா வந்த புதிது. ஏற்காடு தொகுதி மலை மட்டும் இல்லை, கீழே வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கமும் அதில்தான், ஆனால் எனக்கு ஜோனல் ஆபீசராக மலைமேல் சில பூத் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பெட்டிகளை இறக்கும்போதே மூடுபனி, பள்ளிக்கூடச் சுவர் நனைந்திருந்தது. அரக்கு உருக்க ஏற்றிய மெழுகுவத்தி காற்றில் அணைந்துகொண்டே இருக்க, தலைமை அலுவலராக வந்த ஆசிரியர் துண்டால் மறைத்துப் பிடித்துக்கொண்டார். மறுநாள் ஓட்டுப்பதிவு எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. ராத்திரி இயந்திரங்களை ஒப்படைக்கும் மையத்தில்தான் விஷயம். என் பூத் ஒன்றில் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களைவிட இயந்திரத்தில் ஒரு ஓட்டு குறைவு.

ஒரு ஓட்டுதானே, மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, ஆசிரியர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. வேறு மாநிலத்திலிருந்து பார்வையாளராக வந்திருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அந்தச் சாவடியின் வாக்குக் கணக்கான 17சி படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து ஆசிரியர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. காலையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னார், நான் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன். தலைமை அலுவலரின் நாட்குறிப்பைப் புரட்டினால் அதில் இருக்கிறது: மதியம் ஒரு வயதான அம்மா கையெழுத்துப் போட்டு மை வைத்தபிறகு, இயந்திரத்துப் பக்கம் போகாமல், "எனக்கு வேண்டாம் சாமி" என்று திரும்பிப் போய்விட்டார். அதற்கு 49ஓ விதியில் இடம் உண்டு, பதிவேட்டிலும் குறிப்பு எழுதியிருந்தது, 17சி படிவத்தில் அதற்கென்று இருக்கும் வரியில் மட்டும் ஒன்று என்று போட மறந்துவிட்டார். ஆசிரியர் திருத்தி, கையெழுத்துப் போட்டு, பூத் ஏஜெண்டுகளுக்கும் சொல்லி அனுப்பியபிறகுதான் அந்த அதிகாரி எழுந்தார். அவர் அன்றைக்கு அதை விட்டிருந்தால் எண்ணிக்கை நாளில் ஒரு ஏஜெண்ட் எழுந்து கணக்கு இடிக்கிறது என்று கேட்டிருப்பார், கேட்பது அவர் உரிமை, எங்களிடம் அவசரத்தில் பதில் இருந்திருக்காது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பலர் இப்படித்தான் வேறு மாநிலங்களின் தேர்தலைப் பார்க்கிறார்கள். சட்டம் சொல்லும் "தேர்தல் அனுபவம்" என்பதை நான் இந்த மாதிரி ராத்திரிகளாகத்தான் புரிந்துகொள்கிறேன்.

மேலே உட்கார்ந்தவரின் அதிகாரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சேஷன் மாதிரி எதை வேண்டுமானாலும் நிறுத்தலாமா என்று. சட்டம் பேசாத இடத்தில் 324வது பிரிவு ஆணையத்துக்குப் பெரிய அதிகாரம் தருகிறது, இதை உச்ச நீதிமன்றம் மொகிந்தர் சிங் கில் வழக்கில் சொல்லியிருக்கிறது. 2019ல் வேலூர் மக்களவைத் தேர்தல் பணப் புழக்கத்தால் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ரத்தானது ஞாபகம் இருக்கும். ஆனால் சட்டம் ஏற்கனவே பேசியிருக்கும் இடத்தில் ஆணையம் அதைத் தாண்ட முடியாது. கேரளத்தில் பரூர் தொகுதியில் 1982ல் முதல்முறை இயந்திரம் வைத்து நடத்திய வாக்குப்பதிவை, சட்டத்தில் அப்போது இடமில்லை என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு சட்டம் திருத்தித்தான் இயந்திரம் வந்தது. சேஷனுக்கும் தனியாள் அதிகாரம் கடைசிவரை இல்லை. 1993ல் இன்னும் இரண்டு ஆணையர்களை நியமித்தார்கள், அவர் வழக்குப் போட்டார், 1995ல் தோற்றார், அதற்குப் பிறகு இன்று வரை மூன்று பேர் சேர்ந்துதான் முடிவு. தேர்தல் நடத்தை விதிகளும் சட்டமாக இயற்றப்பட்டவை இல்லை, கட்சிகள் ஒப்புக்கொண்ட விதிகள். சேஷன் செய்தது, ஏற்கனவே தாளில் இருந்ததை உட்கார்ந்து அமல்படுத்தியது. அதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். ஆங்கிலேயர் கால ஐ.சி.எஸ். அதிகாரி, மேற்கு வங்கத் தலைமைச் செயலாளராக இருந்தவர், 1950 மார்ச்சில் பொறுப்புக்கு வந்தார். 17 கோடிக்கும் மேல் வாக்காளர்கள், பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. இதெல்லாம் எல்லாரும் சொல்வது. அம்மா செய்யும் வேலையோடு சம்பந்தப்பட்டது வேறொன்று. வட மாநிலங்களில் நிறையப் பெண்கள் கணக்கெடுக்க வந்தவர்களிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிந்திருந்தார்கள். சென் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெயரைச் சொல்லுங்கள் என்று அவகாசம் கொடுத்தார், அப்படியும் பெயர் வராத ஏறக்குறைய 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனார்கள். அவர் செய்தது சரியா என்று என்னால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை, 28 லட்சம் பேருடைய ஓட்டு போனது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு பெண் யாருடைய மனைவியாகவோ ஓட்டுப் போடக்கூடாது, தன் பெயரில் போட வேண்டும் என்று முதல் தேர்தலிலேயே ஒருவர் பிடிவாதமாக நின்றது, பட்டியல் வேலை செய்த எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதனால் நீங்கள் இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். யு.பி.எஸ்.சி. எழுதுங்கள். பொதுப் பிரிவுக்கு 32 வயது, ஆறு முறை. பிற்படுத்தப்பட்டோருக்கு 35, ஒன்பது முறை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37, வயது வரம்புக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும். மலைவாழ் மலையாளி சமூகம் என்று எழுதியிருந்தீர்கள், பழங்குடிச் சான்றிதழை இப்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வைத்துவிடுங்கள், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். கூடவே குரூப் 1 எழுதுங்கள், துணை கலெக்டர் ஆனால் சில வருஷத்திலேயே ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலராக அந்த மேஜையில் உட்கார வாய்ப்பு வரும். டெல்லி நாற்காலி அந்த வழியில் வயதுக் கணக்கில் ஏறக்குறைய எட்டாது, அதைத் தெரிந்துகொண்டே எழுதுங்கள்.

அப்புறம், அடுத்த முறை அம்மா வீடு வீடாகப் போகும்போது கூட நடந்து போங்கள். படிவத்தை நீங்கள் தொடக்கூடாது, அது அவர் வேலை. சும்மா பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு சின்னப்பொண்ணு இருந்தால் எது மாமியார் எது மருமகள் என்று அவர் எப்படிப் பிரிக்கிறார், திருப்பூருக்கு வேலைக்குப் போனவரை நீக்குவதா வைப்பதா என்று யாரைக் கேட்கிறார், செத்துப்போனவர் பெயரை எடுக்க எந்தத் தாளை வாங்குகிறார், ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 தேதிகளிலும் 18 முடிகிற பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று எத்தனை வீட்டில் தெரிந்திருக்கிறது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பார்த்தபிறகு ஏதாவது இடிக்கிற மாதிரி இருந்தால் இங்கேயே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.